மூன்றாவது முறை பார்த்தபோது

முதல் தடவை பார்த்தபோது அவருக்குப் பத்து வயது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்த படம் 'ஆயிரத்தில் ஒருவன்'. 1965-ல் பி.ஆர்.பந்துலு எடுத்தது, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம். அவர் மனதில் நின்றதென்னவோ கப்பலும், நம்பியாரோடு போடும் கத்திச் சண்டையும்தான். மறுநாளே தென்னை மட்டையோடு தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டுப் பையனின் நெற்றியில் தழும்பு விழ வைத்தார்.

2014-ல் டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோதும் ஓடினார். நரைத்த தலைகள் விசிலடித்த அந்தக் கூட்டத்தில் கதையை யார் கவனித்தார்கள்!

மூன்றாவது முறை, போன மாதம், வீட்டு டி.வி.யில். லீவுக்கு வந்திருந்த பேத்தி பக்கத்தில். திடீரென்று கேட்டாள்: "தாத்தா, இவர் வைத்தியர்தானே? எதுக்குப் பிடிச்சுட்டுப் போறாங்க?"

"காயம்பட்ட புரட்சிக்காரங்களுக்கு வைத்தியம் பார்த்தாரில்ல, அதுக்குத்தான்."

"அது தப்பா?"

அவருக்குப் பதில் வரவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆண் நர்ஸாக இருந்தவர் அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. ஒரு நள்ளிரவு, வயிற்றில் குத்துப்பட்ட இளைஞன் ஒருவனை ரிக்‌ஷாவில் தூக்கி வந்தார்கள். 'போலீஸ் கேஸ், தொடாதே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்' என்று மேலே இருந்து உத்தரவு. ஒரு துண்டு பஞ்சுகூட வைத்து அழுத்தாமல் கேட்டைச் சாத்தினார். போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1989-ல்தான். அதைப் பேப்பரில் படித்த அன்று அவர் சாப்பிடவில்லை.

மணிமாறன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அடிபட்டவன் எந்தப் பக்கம் என்றும் பார்ப்பதில்லை. கன்னித்தீவு, அடிமை வாழ்க்கை, கொள்ளைக் கப்பல் எல்லாமே அந்த ஒரு மருந்துக் கட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு முறை பார்த்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

பேத்தி அதற்குள் போனில் தேடி வாசித்தாள். படத்துக்கு மூலம் 'கேப்டன் பிளட்' என்ற ஆங்கிலக் கதை. அதை எழுதிய சபாட்டினிக்கு முன்மாதிரியாக இருந்தவர்களில் ஒருவர் ஹென்றி பிட்மன் என்ற நிஜ மருத்துவர். 1685-ல் இங்கிலாந்தில் நடந்த கலகத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். அதற்காக பார்படாஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கிருந்து படகில் தப்பியவர்.

"நிஜமாவே ஒருத்தர் இருந்திருக்கார் தாத்தா!"

கத்திச் சண்டை வந்தது. பேத்தி சோபாவில் எம்பிக் குதித்தாள். அவர் பார்வை திரையில் இல்லை.

"என்னங்க, படம் முடிஞ்சு அரை மணி நேரமாச்சு. இன்னும் உட்கார்ந்திருக்கீங்க?" என்று மனைவி வந்து விளக்கை அணைக்கப் போனார்.

"அணைக்காதே. கொஞ்சம் உட்காரு" என்றார். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த ரிக்‌ஷாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.