அப்பாவுக்கு ஒரு பழைய லேப்டாப்

அப்பாவுக்கு 88 வயது, அம்மாவுக்கு 82. கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருவரும் தனியாகத்தான் இருக்கிறார்கள். சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நான்தான் அலுத்துப்போனேன், அவர்கள் அசையவில்லை. இந்த வயதில் அவர்களுக்கு லேப்டாப் எதற்கு என்று உறவுக்காரர்கள் சிலர் கேட்டார்கள். காரணம் உண்டு. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் காடராக்ட் ஆபரேஷன் முடிந்து பல வருஷம் ஆகிறது. இப்போது விழித்திரையிலும் தேய்மானம். பேப்பரில் தலைப்பு தெரிகிறது, செய்தி தெரிவதில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, காலை காபியோடு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தே பழகியவர். படிக்க முடியாமல் போனதும் பேச்சும் குறைந்துவிட்டது. அதுதான் என்னை உறுத்தியது.

செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு வார்த்தைதான் நிற்கிறது. டேப்லெட்டும் கொடுத்துப் பார்த்தோம். கை நடுக்கத்தில் ஓரிடத்தைத் தொட்டால் நாலு இடம் திறந்துகொள்கிறது. கீபோர்டு என்றால் அழுத்தினால்தான் அழுந்தும், மவுஸ் என்றால் சொடுக்கினால்தான் சொடுக்கும். நடுங்கும் கைக்கு இது பெரிய வசதி.

இதற்கு முன்பே வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. பேரன் காலேஜில் வைத்திருந்து கொடுத்துவிட்டுப் போனது. பழைய ஹார்டு டிஸ்க். ஸ்விட்சைப் போட்டால் திரை வந்து நிற்பதற்குள் அம்மா அடுப்பில் சாதம் வைத்து இறக்கிவிடுவாள். அப்பா ஒரு முறை சொடுக்குவார், ஒன்றும் நடக்காது. மறுபடி சொடுக்குவார். பிறகு இரண்டும் சேர்ந்து ஐந்தாறு ஜன்னலாகத் திறக்கும். உடனே எனக்கு போன் வரும்: "நான் ஏதோ தொட்டுட்டேன்டா, கெட்டுப்போச்சு போலிருக்கு." சில மாதத்தில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்துவிட்டார். "எனக்கு இதெல்லாம் மூளையில ஏறலப்பா" என்றார். 35 வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவருக்கு மூளையில் ஏறாமல் என்ன?

நம் வயதுக்காரர்களுக்கே இந்தக் குணம் உண்டு, பெற்றோர் வயதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் கையில் மெஷின் மக்கர் செய்தால் மெஷினைத் திட்டுவார்கள். பெரியவர்கள் தங்களையே நொந்துகொண்டு, தொடுவதை விட்டுவிடுவார்கள். அதனால் வேகம், அழகு, எடை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அப்பாவைக் குற்றவாளி ஆக்காத மெஷின் எது என்று மட்டும் பார்ப்பது என முடிவு செய்தேன்.

புதியதே வாங்கலாமே என்றாள் என் மனைவி. கடைகளில் போய்ப் பார்த்தேன். 25,000 ரூபாய்க்குள் நான் பார்த்த புதிய லேப்டாப்களில் மெமரி குறைவு, கீபோர்டு நடுவில் அழுத்தினால் குழிகிறது, திரையைக் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகிறது. அதே காசில், பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்துச் சில வருஷம் கழித்துக் கழித்துவிட்ட ஆபீஸ் லேப்டாப் கிடைக்கிறது. டெல்லில் லேட்டிட்யூட், ஹெச்பியில் எலைட்புக், லெனோவாவில் திங்க்பேட். இந்த வரிசைகளெல்லாம் அலுவலகத்துக்கென்றே செய்தவை. பூட்டு உறுதி, கீபோர்டு உறுதி, திருப்புளி எடுத்தால் பேட்டரியையும் மெமரியையும் மாற்றலாம். புதிதாக இருந்தபோது இதன் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

பழையது என்றால் எவ்வளவு பழையது? இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5 என்பதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு நாலு இலக்க எண் இருக்கும். 8250 என்றால் எட்டாவது, 7200 என்றால் ஏழாவது. ஐந்து இலக்கமாக 10210 என்று இருந்தால் பத்தாவது. ஏழும் ஆறும் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அதில் லினக்ஸ் போட்டுக் கொள்ளலாம், என் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஓட்டுகிறார், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அவர் வீட்டில் அவர் இருக்கிறார். கும்பகோணத்தில் யார் இருக்கிறார்கள்?

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். (சர்க்கார் பதிவில் அது நரசிங்கபுரம் தெரு. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார்.) நான் கேட்டது இவ்வளவுதான்: எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி மெமரி, ஹார்டு டிஸ்க் கூடாது, எஸ்எஸ்டி. இரண்டு கடை ஏறி இறங்கியபின் மூன்றாவதில் ஒரு டெல் லேட்டிட்யூட் 7490 பிடித்தது. 14 அங்குலத் திரை, கண்ணாடி போலப் பளபளக்காத மங்கல் பூச்சு. கூடத்தில் டியூப் லைட்டுக்கு நேர் எதிரே உட்காருபவருக்கு இது முக்கியம்.

கடைப் பையன் பொறுமைசாலி. நான் அரை மணி நேரத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டு படுத்தினேன். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாக அழுத்தினேன். ஸ்பேஸ் பாரை மட்டும் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில். முழுத் திரையையும் வெள்ளையாக்கி, புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பார்த்தேன். மூடியைத் திறந்து மூடினேன். கீல் தளர்ந்திருந்தால் திரை சாய்ந்துவிடும், ரொம்ப இறுகியிருந்தால் அம்மாவின் மூட்டுவலிக் கைக்குத் திறக்க வராது. "சார், நீங்க லேப்டாப் வாங்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்டான் பையன். இரண்டும் ஒன்றுதான் தம்பி என்றேன்.

கேமரா இருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஆபீஸ் லேப்டாப்களைக் கேமரா இல்லாமலே வாங்கியிருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் கொள்ளுப்பேத்தி முகத்தைக் காட்ட முடியாமல் விழிக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், பழைய கம்பெனியின் பூட்டு. சிலவற்றில் பயாஸுக்குள் பாஸ்வேர்டு போட்டிருக்கும். சிலவற்றில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்ததும், அந்தக் கம்பெனியின் மெயில் ஐடி கேட்கும். ஆகவே கடையிலேயே, என் செல்போன் நெட்டில் இணைத்து, விண்டோஸை முதலிலிருந்து போட்டுக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தான். செய்ய மறுக்கும் கடையில் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

பேட்டரிக்கு விண்டோஸிலேயே ஒரு ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண் வரும். இதில் 60,000-க்கு 41,000 வந்தது, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. பையன் "சூப்பர் பேட்டரி சார்" என்றான். சூப்பர் இல்லை, ஆனால் கரண்ட் போனால் அணையாமல் நிற்கும், போதும். சார்ஜர் உருண்டைப் பின் உள்ளதாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. டைப்-சி மட்டும் உள்ளதாக இருந்தால் அப்பா செல்போன் சார்ஜரைச் சொருகிவிட்டு, ஏன் ஏறவில்லை என்று நாள் முழுக்கக் காத்திருப்பார். 19,500 ரூபாய், பில்லோடு, மூன்று மாத வாரண்டி.

கொடுப்பதற்கு முன் என் வீட்டில் பத்து நாள் நானே அதில் வேலை செய்தேன். விக்கினால் என்னிடம் விக்கட்டும் என்றுதான். எழுத்தளவை விண்டோஸில் 225 சதவீதம் வரை ஏற்றலாம், அப்பாவுக்கு 175 போதுமானதாக இருந்தது. அம்புக்குறியைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்தேன். வயர் மவுஸ் ஒன்று வாங்கி, மவுஸ் சொருகியிருக்கும்போது டச்பேட் வேலை செய்யாதபடி வைத்தேன், உள்ளங்கை பட்டுத்தான் பாதிக் கோளாறு வருகிறது. பிரவுசரில் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று எந்தத் தளமும் கேட்கவே முடியாதபடி அடைத்தேன். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று பயமுறுத்தும் பொய்ச் செய்திகளில் பல அந்த வழியாகத்தான் நுழைகின்றன.

தூரத்திலிருந்து இயக்கும் சாஃப்ட்வேர் போட்டால் சென்னையிலிருந்தே சரிசெய்யலாமே என்று மகன் சொன்னான். நான் போடவில்லை. ஏமாற்றுக்காரர்களும் அதைத்தான் போடச் சொல்கிறார்கள். "யார் அதைப் போடச் சொன்னாலும் திருடன், நானே சொன்னாலும் போடாதீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பாங்க் கணக்கு எதுவும் அதில் கிடையாது. சைபர் மோசடிப் புகார் எண் 1930, பெரிதாக எழுதி மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. பவர் பட்டனைக் கண்டுபிடிக்க அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டிவிட்டாள். நான் செய்த அத்தனை ஏற்பாட்டிலும் அதுதான் உத்தமம்.

அப்பா இப்போது தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிறார். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைக் காட்டிக் கொடுத்தேன். பல்செட் போடாமல் பேசினால் அதற்குப் புரிவதில்லை, எங்களுக்கும்தான். போன மாதம் வைஃபை நின்றுபோனபோது, "உன் மெஷின் சரியில்லடா, என்னன்னு பாரு" என்று அதட்டலாக போன் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீடியோ கால் போட்டு, மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன், சரியாகிவிட்டது.

இதன் ஸ்பீக்கர் சன்னமானது, அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். யுஎஸ்பி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும். கூடவே ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். துடைக்கும்போதெல்லாம் உதிர்ந்துவிடுகிறதாம்.