மேற்பார்வை வேறு, வேவு வேறு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கம்ப்யூட்டர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'ஒர்தினத்தேர்' என்ற சொல்தான். 1955ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. 'ஒழுங்குபடுத்துபவர்' என்று பொருள். ஓர் அலுவலகத்தில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டர்களையும் சேர்த்துச் சொல்லப் பிரெஞ்சில் 'பார்க்' என்பார்கள். ஆட்டுப்பட்டிக்கும் அங்கே அதே சொல் உண்டு. பட்டி என்று இருந்தால் மேய்ப்பவர் ஒருவர் வேண்டுமே! அந்த மேய்ப்பவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் ஓசூர் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகளால் வளர்ந்த ஊர். இன்று பெரிய ஆலை எதிலும் எடைமேடை முதல் சம்பளப் பிரிவு வரை கம்ப்யூட்டர் இல்லாத இடம் இல்லை. ஆயிரம் கம்ப்யூட்டர் இருந்தால் ஆயிரம் இடத்துக்கும் ஆள் நடந்து போய்ப் பார்க்க முடியாது. அதற்காக வந்ததுதான் மைய நிர்வாக மென்பொருள்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் 'ஏஜென்ட்' என்று ஒரு சிறு புரோகிராமை வைத்துவிடுகிறார்கள். கிராமத்துக்கு ஒரு தலையாரி மாதிரி. மைய சர்வர்தான் தாலுகா ஆபீஸ். தலையாரி குறித்த நேரத்தில் மேலே தகவல் அனுப்புவார், புதிய உத்தரவு உண்டா என்று கேட்டு வந்து நிறைவேற்றுவார். ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைத்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் வழக்கமாக 90 நிமிடத்துக்கு ஒரு தரம் இப்படி மையத்தைக் கேட்கும். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று மையத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருப்பதும் ஏஜென்டின் வேலை. நாம் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் உயிர்வாழ் சான்றை இவை நாள் முழுவதும் கொடுக்கின்றன.

நாங்கள் ஆண்டு முடிவில் இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலிக் காலில் பெயின்டால் எழுதிய எண்ணைக் குனிந்து பார்த்துச் சரிபார்த்தோம். இப்போது எந்த மேஜையில் எந்தக் கம்ப்யூட்டர், அதில் எவ்வளவு நினைவகம், என்னென்ன மென்பொருள் என்று பதிவேடு தானே எழுதிக்கொள்கிறது. பிரான்சில் 2003ல் பிறந்த ஜி.எல்.பி.ஐ. என்ற இலவச மென்பொருள் இந்தப் பதிவேட்டு வேலைக்காகவே வந்தது. நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009ல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் முதலில் கால் ஊன்றியது நெட்வொர்க் நிர்வாக மென்பொருளில்தான். அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவின் 'எண்ட்பாயிண்ட் சென்ட்ரல்' இன்று பல நாட்டு அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை மேய்க்கிறது.

இதன் பயன் சிறிதல்ல. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. 59 நாள் கழித்து, மே 12 அன்று, 'வான்னக்ரை' என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. திருத்தம் போட்டிருந்த கம்ப்யூட்டர்களுக்குள் அந்த ஓட்டை வழியாக நுழைய முடியவில்லை. யாருக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை என்று ஒரே திரையில் பார்த்துச் சொல்லும் வசதியின் அருமை அன்று தெரிந்தது.

ஆனால் நல்ல உத்தரவு போகும் பாதையில்தான் கெட்ட உத்தரவும் போகும். 2024 ஜூலை 19 காலை கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றும், விழுந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றை ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. எந்தப் புதிய நடைமுறையையும் முதலில் ஒரு தாலுகாவில் சோதித்துப் பார்த்துவிட்டு மாவட்டம் முழுக்க விடுவது நம் பழைய வழக்கம். அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும்.

இவையெல்லாம் இயந்திரத்தைப் பற்றிய விஷயங்கள். என்னை எழுத வைத்தது வேறு.

என் பேத்தி அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பெயர் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் வீட்டு மாடியில்தான் ஆபீஸ். ஒரு நாள் எனக்குத் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்தவள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, டாக்டருக்குப் போன் செய்து, அரை மணி நேரம் என் பக்கத்திலேயே இருந்தாள். மறுவாரம் அவளுடைய மேலாளர் ஓர் அறிக்கையைக் காட்டி, "இந்த முப்பது நிமிடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டாராம். மவுஸ் அசையவில்லை, அதனால் 'செயலற்ற நேரம்'. அன்று இரவு எட்டரை வரை அவள் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் சாப்பிட வரும்போதுகூட லேப்டாப்பைக் கையோடு தூக்கி வருகிறாள்.

திருத்தம் அனுப்ப வந்த தலையாரியே வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் என்ன செய்வது? பிரான்சில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தனக்கு முன்கூட்டித் தெரிவிக்காத எந்தக் கருவியாலும் தொழிலாளியைப் பற்றிய தகவலைத் திரட்டக் கூடாது என்கிறது அங்குள்ள தொழிலாளர் சட்டம். 2024 டிசம்பரில் அந்நாட்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம், ஊழியர்களின் திரையை அடிக்கடி படம் பிடித்து, விசைப்பலகையும் மவுஸும் சும்மா இருந்த நிமிடங்களைக் கணக்கிட்ட ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது. நம் நாட்டில் 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை சம்பந்தமான காரணங்களுக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவருடைய தரவைக் கையாள இடம் கொடுத்திருக்கிறது.

எங்கள் காலத்திலும் மேற்பார்வை இருந்தது. வருகைப் பதிவேட்டில் பத்து மணிக்குச் சிவப்புக் கோடு விழும். தன்பதிவேட்டைக் கண்காணிப்பாளர் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஆனால் அந்தப் பதிவேடு என் மேஜையில் இருந்தது, அதில் எழுதியதும் நான்தான். என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், பதில் எழுத எனக்கு இடமும் இருந்தது. இயந்திரத்தைப் பார்ப்பது மேற்பார்வை. மனிதனுக்குத் தெரியாமல் மனிதனைப் பார்ப்பது வேவு. இந்த இரண்டையும் ஒரே ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் 'நிர்வாகம்' என்று ஒரே பெயர் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

வாசக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் பென்ஷன் விவரம் பார்க்கவும் பேங்க் கணக்கைத் திறக்கவும் பிள்ளைகளின் கம்பெனி லேப்டாப்பைத்தான் வாங்கிக்கொள்கிறோம். அதை விட்டுவிடுங்கள். அது அவர்களுடைய லேப்டாப் அல்ல, கம்பெனியுடையது. உள்ளே தலையாரி உட்கார்ந்திருக்கிறார். அவர் எதையெல்லாம் குறித்துக்கொள்கிறார் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைக்கும்படி பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.