ஸ்பார்க் பெட்டியில் இன்றைய நெட்பிஎஸ்டி

பழைய கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டுகிறேன் என்றால், கெர்னலோடுதான் மல்லுக்கட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். கெர்னல் எனக்குக் கடைசிக் கவலை. 1994-ல் வந்த சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5-ல், 2024 மார்ச்சில் வெளியான நெட்பிஎஸ்டி 10 தாராளமாக பூட் ஆகிறது.

அதற்கு முன்னால் ஒரு சிப் வழிமறிக்கும். எம்48டி08 என்ற அந்தச் சிப்பில்தான் கடிகாரமும் ஈதர்நெட் முகவரியும் இருக்கின்றன. லித்தியம் பேட்டரியையும் உள்ளேயே வைத்துப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்குத் தன் முகவரியே மறந்துபோகும். இலக்கமெல்லாம் எஃப் என்று காட்டும். நெட்வொர்க் வழியே பூட் செய்யும்போது அந்த முகவரியைச் சொல்லித்தான் ஐபி கேட்க வேண்டும். எனவே அங்கேயே நின்றுவிடும். ஹேக்ஸா பிளேடால் சிப்பின் மேல்முனையைப் பதமாக அறுத்து, செத்த பேட்டரிக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் துண்டித்து, வாட்ச் கடையில் கிடைக்கும் சிஆர்2032 செல்லை ஹோல்டரோடு சால்டர் வைக்கிறேன். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. பிறகு 08:00:20 என்று தொடங்கும் முகவரியை ஒவ்வொரு பைட்டாகக் கையால் எழுத வேண்டும். எமுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பேட்டரி தீர்வதே கிடையாது.

இந்தப் பெட்டியை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் பிடிவாதம். நான்கு பைட் எண் ஒன்று, நான்கால் வகுபடாத மெமரி முகவரியில் இருந்தால் இன்டெல் ப்ராசஸர் சத்தமில்லாமல் படித்துக் கொடுத்துவிடும். ஸ்பார்க் 'பஸ் எரர்' என்று சொல்லி புரோகிராமை அங்கேயே கொன்றுவிடும். நெட்வொர்க்கில் வந்த பாக்கெட்டின் நடுவில் ஒரு பாயின்டரை கேஸ்ட் செய்து எண்ணைப் படிக்கும் சோம்பேறி கோட் எத்தனையோ இங்கே மாட்டியிருக்கிறது. மருந்து ஒரு வரிதான்: மெம்காப்பி. அந்த பேட்சை மூல ஆசிரியருக்கு அனுப்பும்போது ஸ்பார்க் என்ற பெயரை எடுப்பதில்லை. எடுத்தால், 'அதை யார் இன்னும் வைத்திருக்கிறார்கள்?' என்பார்கள். சி மொழியின் விதிப்படி இது தவறு என்று மட்டும் எழுதுவேன், ஏற்றுக்கொள்வார்கள்.

வேக்ஸ் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். 1977-ல் வந்த அந்த வடிவமைப்பின் ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்கள் ஐஇஇஇ தரத்துக்கு முந்தியவை. அதில் முடிவிலி என்ற மதிப்பே கிடையாது. வழக்கமான டபுள் வகை 10-ன் 38-ஆம் அடுக்கை ஒட்டியே நின்றுவிடும். யாரோ கோடில் 1e300 என்று எழுதி வைத்தால் அதில் அடங்காது.

உண்மையில் கழுத்தைப் பிடிப்பது கம்பைலர். ஜிசிசி 12-ல் ஒரு பழைய உள்கட்டமைப்பை அடியோடு நீக்கினார்கள். அதை நம்பியிருந்த ப்ராசஸர்களுக்கு, அதற்குள் யாராவது மாற்றி எழுதாவிட்டால் கதை முடிந்தது. மோட்டரோலா 68000 குடும்பத்துக்காக ஆர்வலர்கள் பணம் திரட்டினார்கள். வேக்ஸுக்கும் ஆள் கிடைத்தார். இரண்டும் தப்பின. எல்லாவற்றையும் காப்பாற்றத்தான் வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். ஓப்பன்பிஎஸ்டி 2016-ன் 5.9 பதிப்போடு வேக்ஸையும் 32 பிட் ஸ்பார்க்கையும் நிறுத்தியது. யாரும் பூட் செய்து பார்க்காத போர்ட்டைப் பட்டியலில் மட்டும் வைத்திருப்பதைவிட அது நேர்மை.

இப்போது ரஸ்ட் மொழி. 2021-ல் பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் அதைக் கேட்கத் தொடங்கியதும், ரஸ்ட் கம்பைலரே இல்லாத ஆல்ஃபா போன்ற ப்ராசஸர்கள் வெளியே நின்றன. அதிகபட்சம் 256 எம்பி மெமரி ஏற்கும் என் பெட்டியில் அந்தக் கம்பைலரை ஓட்டுவது நடக்காத காரியம். ரஸ்ட் நல்ல மொழி, அதை எதிர்த்துக் கொடி பிடிக்க எனக்கு மனமில்லை. அது வேண்டும் என்கிற பேக்கேஜ்களை விட்டுவிடுகிறேன். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இன்னும் சியில்தான் இருக்கிறது. லாகின் ஆகக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.