பெயரேடும் பிறப்புரிமையும்

திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டுப் பங்கு அலுவலகத்திற்கு வருவோரின் தேவைகள் காலத்திற்கேற்ப மாறி வருகின்றன. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, திருமண ஓலை வாசிக்க, குருமடத்திற்கு விண்ணப்பிக்க என்றுதான் முன்பெல்லாம் வருவார்கள். இப்போது வேறொரு தேவையும் சேர்ந்திருக்கிறது. பாட்டனுக்குப் பாட்டனின் பெயர் ஏட்டில் உள்ளதா, அதன் நகல் கிடைக்குமா, அதைக் காட்டி ஸ்பெயின் அல்லது போர்த்துக்கல் நாட்டின் குடியுரிமையைக் கோர இயலுமா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பெர்னாண்டோ, பெரைரா, கோமஸ் போன்ற குடும்பப் பெயர்களைத் தாங்கிய கடற்கரை இளைஞர்கள்.

அவர்களுள் ஒருவர் தம் தந்தையுடன் வந்திருந்தார். இடைத்தரகர் ஒருவர் மூன்று இலட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். படகின் பங்கை விற்றால் பணம் கிடைத்துவிடும். ஆனால் கொள்ளுப்பாட்டனாரின் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் ‘போர்த்துக்கீசிய வழித்தோன்றல்’ என்னும் குறிப்பு வேண்டுமாம். “ஒரு வரிதானே சாமி, எழுதித் தந்தா என்ன?” என்றார் தந்தை. வலை இழுத்து வலை இழுத்துக் காய்த்துப்போன அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு மறுப்பது எளிதாக இல்லை. மறுத்தேன்.

மறுத்ததற்கான காரணத்தைப் பங்கு மக்கள் அனைவருக்குமே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் எவை இடம்பெற வேண்டும் என்பதைத் திருச்சபைச் சட்டம் வரையறுத்துள்ளது. திருமுழுக்குப் பெற்றவர், பெற்றோர், ஞானப்பெற்றோர், அருளடையாளம் வழங்கியவர் ஆகியோரின் பெயர்கள், திருமுழுக்கு நடந்த இடமும் நாளும், பிறந்த இடமும் நாளும். ஓரத்தில் பின்னர் குறிக்கப்படுவன உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் போன்றவை. இன்ன இரத்தம், இன்ன வம்சம் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.

பெயர்கள் எப்படி வந்தன? முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றபோது, போர்த்துக்கீசியப் பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. புனித சவேரியார் 1544-ன் இறுதியில் நமது திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்தார். ஒவ்வொருவருக்கும் அவருடைய புதுப்பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததாக, மறு ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவர் குறிப்பிடுகிறார். எழுத்தறியாத மீனவர் ஒருவர் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குடிசைக்குத் திரும்பும் காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அது அவருக்குக் கிடைத்த பெயர். அவருடைய பாட்டனாரை மாற்றியமைத்த பெயர் அன்று. கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல் உருவானபோது அதன் முதல் ஆயரின் பெயர் லாரன்ஸ் பெரைரா. அவரை லிஸ்பன் நகரத்தவர் என்று எவரும் கருதியதில்லை.

சவேரியாரே ஸ்பானியர்தாமே என்று அந்த இளைஞர் கேட்டார். அவர் 1506-ல் பிறந்தபோது நவார் தனி அரசாக இருந்தது. காஸ்தீலியப் படை அதைக் கைப்பற்றியது 1512-ல். அவருடைய அண்ணன்மார் அந்தப் படையை எதிர்த்துப் போரிட்டவர்கள். பிறகு அவர் போர்த்துக்கல் மன்னரின் ஆதரவில் இந்தியா வந்தார். எந்த நாட்டின் கடவுச்சீட்டு அவருக்குப் பொருந்தும் என்று சொல்ல வரலாற்று ஆசிரியர்களே சற்றுத் தயங்குவார்கள்.

ஸ்பெயின் நாட்டுச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1492-ல் துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்காக 2015-ல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. விண்ணப்பிக்கும் காலம் 2019 அக்டோபரில் முடிந்தது. உள்நாட்டுப் போராலும் பிராங்கோவின் ஆட்சியாலும் நாடிழந்தோரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் முதன்மையாகக் கருதி 2022-ல் மற்றொரு சட்டம் வந்தது. அதன் காலமும் 2025 அக்டோபரில் முடிவுற்றது. பாட்டனோ பாட்டியோ பிறப்பால் ஸ்பானியராக இருந்தால், அங்கு ஓராண்டு முறைப்படி குடியிருந்த பின் விண்ணப்பிக்கலாம். நம்மவர் போன்ற பிறருக்குப் பொதுவிதி பத்தாண்டுகள். பெயர் ஒத்திருப்பது மட்டும் எங்கும் சான்றாகாது. போர்த்துக்கீசியரும் நம் கடற்கரையில் பாதுகாப்பு அளித்தார்கள், வணிகம் செய்தார்கள்; திருவிதாங்கூர் மண் அவர்களுடையதாக இருந்ததில்லை. தூத்துக்குடியையும் 1658-ல் டச்சுக்காரரிடம் இழந்துவிட்டார்கள். படகின் பங்கை விற்பதற்கு முன் இவற்றையெல்லாம் யாரேனும் சொல்லியிருக்க வேண்டாமா?

எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இதற்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் பர்சில்லாய் மரபினர் என்போர் தங்களைக் குருக்கள் குலத்தவர் என்றனர். அவர்களுடைய மூதாதை, கிலயாதைச் சேர்ந்த பர்சில்லாயின் மகளை மணந்து, மாமனாரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டவர். தலைமுறை ஏட்டில் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆகவே குருத்துவப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். இப்பகுதியை மறையுரையில் எவரும் எடுத்துக்கொள்வதில்லை. பெயர்ப் பட்டியல்தானே என்று கடந்துவிடுகிறோம். ஏட்டில் பெயர் காணாமல் வெளியே நின்ற அந்தக் குடும்பங்களின் மனம் எப்படியிருந்திருக்கும் என்று விவிலியம் சொல்லவில்லை.

அது எப்படியிருந்திருக்கும் என்பதை நம் மக்களுள் ஒரு பகுதியினர் அறிவார்கள். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவரிடமும் தந்தை இலங்கையில் பிறந்தார் என்பதற்கு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்பதற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த ஒருவர் தம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்? இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டிற்கும் உரியவர் அல்லாதவராயினர். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-ல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாயகம் திரும்பியோர் என்னும் பெயரோடு வந்தவர்களுக்கு நம் மாவட்டத்தின் அரசு ரப்பர் தோட்டங்களிலும் வேலை தரப்பட்டது. மூதாதையின் தாள் ஒருவருக்குக் கதவைத் திறக்கிறது. அதே தாள் இல்லாமையால் இன்னொருவர் பிறந்த வீட்டிலிருந்தே வெளியேறுகிறார். இதனை நினைக்கையில், பதிவேட்டின் ஓரத்தில் பொய்யாக ஒரு வரி எழுதுவது சிறிய உதவியாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஏட்டை நம்பி நாளை வேறொரு ஏழை நிற்கக்கூடும்.

தூய பவுல் தம் குடியுரிமையைப் பயன்படுத்தத் தயங்கியவர் அல்லர். சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் உரோமைக் குடிமகன் என்றார். ஆயிரத்தவர் தலைவர் தாம் பெருந்தொகை கொடுத்து அவ்வுரிமையை வாங்கியதாகச் சொன்னார். பவுலோ பிறப்பிலேயே பெற்றவர். ஆகவே உண்மையான உரிமையுள்ளவர் அதைக் கோருவதில் குறையேதும் இல்லை. அத்தகைய குடும்பம் ஒன்று எங்கள் பங்கிலும் இருக்கிறது.

அந்தத் தாயார் மட்காவில் பிறந்தவர். பம்பாயில் நாகர்கோவில்காரரை மணந்து இங்கு வந்தவர். கோவாவை 1961 டிசம்பர் 19-ல் இந்தியா மீட்டது. அதற்கு முன் அங்குப் பிறந்தவர்களைப் போர்த்துக்கல் தன் குடிமக்களாகக் கருதுகிறது. அவர்களின் பிறப்பை லிஸ்பனில் உள்ள மையப் பதிவகத்தில் பதிவுசெய்தால், பிள்ளைகளும் அவ்வழியே கோரலாம். மகனுக்கு அங்கே செல்ல விருப்பம். தாயாரின் திருமுழுக்கு நகலுக்காக அவருடைய பழைய பங்கிற்கு நானே மடல் எழுதினேன். ஆறு வாரத்தில் பதில் வந்தது, தெளிவான கையெழுத்தில்.

இடர் இதற்குப் பின்னர்தான். நம் அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மகனுக்காகத் தாய் முதலில் தம் பெயரை அங்கே எழுத வேண்டும்; எழுதினால் தம் இந்தியக் குடியுரிமைக்கே கேள்வி எழக்கூடும். வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தவர், வாக்கு, குடும்ப அட்டை எதைப் பற்றியும் பேசவில்லை. “நான் கையெழுத்துப் போட்டா, என்னை நம்ம கல்லறைத் தோட்டத்தில அவருக்குப் பக்கத்தில வைப்பீங்களா ஃபாதர்?” என்று கேட்டார். இறந்தோர் பதிவேட்டில் நாடு கேட்கும் கட்டம் இல்லை என்று அதைத் திறந்தே காட்டினேன். கணவரின் பெயர் இருந்த பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்கிறார். படிவம் இன்னும் கையெழுத்தாகவில்லை.