மாங்காய்ப் பூட்டு

என் மகள் கோவையில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஆஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி துணிமணிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “அப்பா, மஞ்சக்காமாலையில கெடந்த உங்க ரூம்மேட்டைப் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டேன்னு சொல்வீங்களே, அவரு இப்ப எங்க இருக்காரு?”

“ராமநாதபுரம் பக்கம்மா” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

நான் அவனைப் பார்த்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டு ஓடி வந்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படியோ வாயில் வந்த கதை அது. ஒருமுறை சொன்னேன், அப்புறம் பலமுறை சொன்னேன். இப்போது அவள் அதை நம்பி, ஆஸ்டல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருடம் ஆஸ்டலில் இருந்தேன் என்பதே சரியான கணக்கு இல்லை. 1987-ல் மதுரையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் நத்தம் பஸ். நத்தத்தில் இறங்கித் திண்டுக்கல் போகும் பஸ்ஸில் ஏறினால் கோபால்பட்டி தாண்டிச் சாணார்பட்டி, எங்கள் ஊர். திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் திரும்பப் பயணம். வாரத்துக்கு நாலு ராத்திரிதான் அங்கே படுத்தேன். பரீட்சை லீவு, பொங்கல் லீவு, கோடை லீவு எல்லாம் கழித்துப் பார்த்தால் மூன்று வருடத்தில் நான் ஆஸ்டலில் தூங்கிய ராத்திரிகள் ஒரு வருடத்துக்குத் தேறாது. அந்த ராத்திரிகளிலும் நான் அங்கே இருந்தேனா என்பது வேறு கேள்வி.

சேர்ந்த அன்று அப்பா ஒரு தகரப் பெட்டியும் திண்டுக்கல் கடைத்தெருவில் வாங்கிய மாங்காய்ப் பூட்டும் கொடுத்தார். மாங்காய் வடிவத்தில் கனமான இரும்புப் பூட்டு. கையால் ராவி, உள்ளே லீவர் வைத்து, ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் சேராதபடி செய்வார்கள். அந்தத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. எனக்கு என் பெட்டிதான் ஞாபகம் வந்தது. “பூட்டு ஊர்க்காரன் பூட்டு இல்லாமப் போகக் கூடாதுப்பா” என்று சொல்லித்தான் அப்பா அதைக் கையில் வைத்தார். அவர் மேல் தப்பில்லை. பணமும் சர்டிபிகேட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தார். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கையும் எள்ளுருண்டையையும் அதில் வைத்துப் பூட்டியது நான்.

அறையில் நாலு பேர். கம்பத்துக்காரன் ஒருவன், கோவில்பட்டிக்காரன் ஒருவன், ராமநாதபுரத்துக்காரன் ஒருவன், நான். ஆஸ்டலில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காது, ஊர்தான் பெயர். அவன் ‘ராம்நாடு’. ராம்நாட்டிடம் பூட்டு கிடையாது. பனையோலைப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தான். தை மாதம் ஊருக்குப் போய் வந்தால் அவித்த பனங்கிழங்கைக் கட்டில் மேல் கொட்டி, நாரை உரித்து உரித்து எல்லோருக்கும் கொடுப்பான். நானும் வாங்கித் தின்றேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, சத்தம் வராமல் சாவியைத் திருப்பி, முறுக்கை வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்துத் தின்றேன். கடித்தால் சத்தம் கேட்கும் என்று அப்படிச் செய்தேன்.

மாம்பழத்தை மட்டும் அப்படி ஒளிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துச் செந்தூரமும் கல்லாமையும் பழுத்தால் தெரு முனைவரை மணக்கும். இரண்டாம் வருடம் கல்லூரி திறந்தபோது ஆறு பழம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அறை முழுக்க வாசனை. மூன்று பேரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். நாலு பழத்தைத் தனியாக உட்கார்ந்து தின்ன நேரம் வாய்க்கவில்லை. அழுகிப்போனதை ஒரு விடியற்காலையில் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தேன்.

ஊர்ப் பெயரையும் பூட்டித்தான் வைத்திருந்தேன். யார் கேட்டாலும் ‘திண்டுக்கல்’ என்பேன். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு சாதிப் பெயர் இருக்கிறது. அதை ஒட்டி அடுத்த கேள்வி வரும் என்று பயம். அரசாங்கப் பதிவேடுகளில் அந்தச் சொல்லை எடுத்து ‘நாடார்’ என்று மாற்றியது 1921-ல். அதற்காக உழைத்தவர்களில் முக்கியமான ஒருவர் எங்கள் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டிக்காரர், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னையில் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தலை நிமிர்வதற்காக அவர்கள் பேரை மாற்றினார்கள். நான் தலையைக் குனிந்து ஊரை மறைத்தேன். கள்ளர் சீரமைப்பு விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி என்று இருந்த அரசு மாணவர் விடுதிகளை எல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று ஒரே பெயரில் அழைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவிப்பு வந்தது. எங்கே தங்கிப் படிக்கிறாய் என்ற கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் சொன்ன எத்தனை பிள்ளைகளுக்கு அது நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். ராம்நாடு அந்த அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டிருக்க மாட்டான். அது எனக்கு அப்போதும் தெரியும்.

எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். அரிசி, மளிகை, காய்கறி, விறகு, சமையல்காரர் சம்பளம் என்று மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்ட ஆள்களின் நாள் கணக்கில் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். சரக்கு வாங்குவதும் கணக்கு எழுதுவதும் மாணவர்கள்தான். மாதத்துக்கு ஒருவர் மெஸ் செக்ரட்டரி. நல்லவன் கையில் மாட்டினால் பில்லும் குறையும், சாப்பாடும் தேறும். விவரம் இல்லாதவன் கையில் மாட்டினால் கடைக்காரர் தள்ளுவதெல்லாம் மெஸ்ஸுக்கு வந்து சேரும்.

எங்கள் குடும்பம் புளி வியாபாரம். நத்தம், சாணார்பட்டிப் பக்கம் புளிக்குப் பேர் பெற்றது. பங்குனி, சித்திரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுப்பார்கள். பத்து வயதிலேயே எனக்குப் புதுப் புளி எது, போன வருடத்துப் புளி எது, எடைக்காகத் தண்ணீர் தெளித்தது எது என்று தொட்டதும் தெரியும். மெஸ்ஸில் ஊற்றிய ரசம் கறுப்பாக, கசந்து கிடந்த மாதங்களில் காரணம் எனக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருநாள்கூடச் சமையல்கட்டுக்குள் போய் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தவன் இல்லை. என் முறை வந்தபோது, “சனி ஞாயிறு நான் இருக்க மாட்டேன், வேற ஆளைப் போடுங்க” என்று சொல்லி நழுவினேன். ராம்நாடு என் மாதத்தையும் சேர்த்துப் பார்த்தான். கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்து, “மாப்ள, புளி மட்டும் எங்க வாங்குறதுன்னு சொல்லுடா, உங்க ஊர்ல நல்லாருக்கும்ல” என்று கேட்டான். “எனக்குத் தெரியாதுடா” என்றேன். எங்கள் வீட்டுத் தொழிலையே தெரியாது என்றேன். சொன்னால் வாங்கி வரச் சொல்வார்கள், வேலை தலையில் விழும் என்ற ஒரே நினைப்பு.

அந்தக் கட்டடத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். காலை டிபனுக்குப் பிறகு ஒரு சீனியர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். சுற்றிப் பத்துப் பேர். தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி, அதை வைத்து ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கிராமத்திலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்த பையன்கள் ஆறு மாதத்தில் வாய் திறந்து பேசினார்கள். நான் இருபதடி தள்ளி அறைக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி கிடந்தேன். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்று கூச்சம். யாரும் சிரித்துக் கேட்டதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ் டேபிளிலேயே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் கூட்டம் ஒன்று உட்காரும். ஒருவன் கேள்வி கேட்பான், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கோவில்பட்டிக்காரன் அங்கே உட்கார்ந்து படித்துத்தான் குரூப் 4 எழுதி வேலைக்குப் போனான். அதே பரீட்சைக்கு நான் பிறகு ஊரில் தனியாக உட்கார்ந்து நாலு தடவை படித்தேன்.

பெரியப்பா மகள், எனக்கு அக்கா, காந்திகிராமத்தில் படித்தவர். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய இடம். 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில் சின்னாளபட்டிக்குப் பக்கம். வளாகத்தைச் சேர்ந்து பெருக்குவது, கூட்டுப் பிரார்த்தனை, கிராமத்தில் போய்த் தங்கி வேலை பார்ப்பது என்று அங்கே சேர்ந்து இருப்பதே ஒரு பாடம். ஒரு தீபாவளிக்கு அக்கா என்னிடம், “என்னடா தம்பி, வாராவாரம் வந்து நிக்கிற. அங்க ஒனக்கு யாரும் இல்லையா?” என்று கேட்டார். “அம்மா சாப்பாடு இல்லாம இருக்க முடியலக்கா” என்றேன். அக்கா என்னையே பார்த்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் வாராவாரம் வந்தது சாப்பாட்டுக்கு அல்ல. நாலு பேர் நடுவில் இருக்கும்போது என் நேரம், என் பொருள், என் தூக்கம் எல்லாம் பங்கு போய்விடும் என்று பயந்துதான் வந்தேன்.

இரண்டாம் வருடம் மாசி மாதம். ராம்நாட்டுக்கு முதலில் காய்ச்சல், பிறகு வாந்தி. மூன்றாம் நாள் கண் மஞ்சள் பூத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஓய்வில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கம்பத்துக்காரனும் கோவில்பட்டிக்காரனும் என்.சி.சி. முகாமுக்குப் போயிருந்தார்கள். அறையில் அவனும் நானும்தான். அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் கேட்டான்: “மாப்ள, எங்கப்பாவுக்குத் தந்தி குடுத்துருக்கேன். ஞாயித்துக்கெழம வந்துருவாரு. இந்த ஒரு வாரம் மட்டும் ஊருக்குப் போகாம இருடா. எந்திரிச்சுத் தண்ணி எடுக்க முடியல.”

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கரந்தமலைத் தீர்த்தம் எடுத்து வந்து காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பூக்குழி, கழுமரம் ஏறுவது என்று சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கூடும். “நான் காப்புக் கட்டியிருக்கேன்டா, போகாம இருந்தா சாமி குத்தமாயிரும்” என்றேன். என் கையில் காப்பு இல்லை. அவன் அதைப் பார்த்தான். “சரி, போயிட்டு வா” என்றான்.

எனக்குத் தொற்றிவிடும் என்று பயம். பக்கத்தில் உட்கார்ந்தால், மூச்சுப் பட்டால் வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த மாதிரிக் காமாலை பெரும்பாலும் கெட்ட தண்ணீராலும் அசுத்தமான சாப்பாட்டாலும் பரவுவது என்றும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்த தண்ணீர் குடித்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் ரொம்பப் பின்னாடிதான் படித்தேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். கிளம்பும்போது அவன் கட்டிலுக்கு அடியில் தண்ணீர்ப் பானையை நகர்த்தி வைத்தேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வைத்த ஞாபகம் இல்லை. பெட்டியைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது அவன் அப்பா அறையில் இருந்தார். ஒல்லியான கறுத்த மனிதர், தோளில் துண்டு. பனையோலைப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். என்னைவிட முப்பது வயது மூத்தவர் எழுந்து நின்றார்.

“தம்பி, நீங்கதேன் எம் மவனக் கூட இருந்து பாத்துக்கிட்டீங்களாம்ல. சொன்னான். உங்களுக்கு என்ன செஞ்சாலும் தகும்யா” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நான் ராம்நாட்டைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தகப்பன் மனசு சங்கடப்படக் கூடாது என்று அப்படிச் சொன்னானா, என்னைக் காப்பாற்றச் சொன்னானா, இன்றுவரை தெரியவில்லை. “இல்லைங்கய்யா, நான் ஊருக்குப் போயிட்டேன்” என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. “பரவாயில்லைங்கய்யா” என்றேன். அவர் துண்டு முடிச்சை அவிழ்த்து இரண்டு கருப்பட்டி எடுத்து என் கையில் வைத்தார். மகளுக்கு நான் சொல்லி வந்த கதை அந்த மனிதர் நம்பிய கதை. அதைத் திருடித்தான் இத்தனை வருடம் என் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் ரிக்‌ஷாவில் ஏறிப் போனபிறகு அறைக்கு வந்து கருப்பட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். தின்ன முடியவில்லை. யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருக்குமே. ஏப்ரலில் அறையைக் காலி செய்யும்போது திறந்தால் வெயிலுக்கு இளகி என் நோட்டுப் புத்தகங்களோடு ஒட்டிக் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

ராம்நாடு அந்த வருடப் பரீட்சைக்கு வரவில்லை. அதன் பிறகு கல்லூரிக்கும் வரவில்லை. தேடிப் போகலாம் என்று எனக்கு முதலில் தோன்றியபோது வேலை, கல்யாணம் எல்லாம் முடிந்திருந்தது. போன வாரம் மகளைக் கோவையில் விட்டுவிட்டு வந்ததும் கம்பத்துக்காரனின் நம்பரை எப்படியோ பிடித்துப் பேசினேன். “அவன் சொந்த ஊரு எதுடா? முதுகுளத்தூர்ப் பக்கம்னு சொல்வான், எந்தக் கிராமம்?” என்று கேட்டேன்.

“நீதானடா அவன் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த. ஒனக்குத் தெரியாதா?” என்றான்.

நான் கேட்டதே இல்லை.