திராவோ புப்ளிக் கட்டுகள்

எனக்கு அரசு வேலை கிடைத்ததில் பிரெஞ்சுக்கும் பங்கு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எழுபதுகளில் எழுத்தராகச் சேர்ந்தபோது, "பழைய கட்டுகளைப் படிக்க ஒரு ஆள் வேணும்" என்று ஒரு பிரிவில் உட்கார வைத்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

இன்று பொதுப்பணித்துறை என்கிறோமே, அதை எங்கள் அப்பா காலத்தில் "திராவோ புப்ளிக்" என்பார்கள். சாலை, பாலம், ஏரி மதகு, குடிநீர், அரசுக் கட்டடம் எல்லாம் அதன் பொறுப்பு. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் முத்திரப்பாளையத்து நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவாகத்தான்.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அடுத்த ஆண்டு ஜூலை 1-இல் சட்டமன்றமும், எதுவார் குபேர் தலைமையில் அமைச்சரவையும் அமைந்தன. ஒரு காலத்தில் பிரெஞ்சு கவர்னருக்குப் பதில் சொன்ன துறை, மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சருக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று எங்கெங்கோ கிடக்கும் நான்கு ஊர்களுக்கும் ஒரே துறை.

1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. ஆனால் கோப்புகள் ஒப்பந்தம் பார்த்து நடப்பதில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற, குறிப்புகள் ஆங்கிலத்துக்கு மாறின. "தெவி" என்பது "எஸ்டிமேட்" ஆனது.

எண்பதுகளில் ஒருநாள் பழைய கட்டுகளைக் கழிக்க உத்தரவு வந்தது. சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டை மேலதிகாரி என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுல என்ன இருக்கு? பார்த்துச் சொல்லு."

பழுப்பேறிய தாள். பொடிப்பொடியான கையெழுத்து. நான்கு பக்கம் புரட்டினேன். கடைசியில் மடித்து வைத்த வரைபடம் ஒன்று இருந்தது, பிரித்துப் பார்க்கவில்லை. மணி ஐந்தாகப் போகிறது, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல்.

"பழைய செலவுக் கணக்கு சார்" என்றேன். பட்டியலில் கையெழுத்தும் போட்டேன்.

நான்கைந்து ஆண்டு கழித்து ஒரு மழைக்காலம். ஒரு தெருவில் தண்ணீர் வடியவில்லை. மண்ணுக்கடியில் பழைய செங்கல் வடிகால் ஒன்று ஓடுகிறது, எப்படி வளைகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இளம் பொறியாளர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, பிரெஞ்சுக்காரன் காலத்து வரைபடம் எதாவது இருக்கா?" என்று கேட்டார். நான் கழித்த கட்டின் மேலட்டையில் அந்தத் தெருவின் பெயர்தான் இருந்தது. "இல்லை தம்பி" என்று மட்டும் சொன்னேன். மூன்று இடத்தில் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். அதுவரை வீட்டுக்குள் தண்ணீரோடு கிடந்தவர்களை தினமும் பார்த்துக்கொண்டுதான் அலுவலகம் போனேன்.

2014 நவம்பர் மழையில் கடற்கரையோரம் இருந்த பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பிவிட்டார்கள். நான் தூக்கிப் போடச் சொன்ன தாளை யாரால் எழுப்ப முடியும்?

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரமோ வரைபடமோ இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். என்னிடம் கொண்டு வாருங்கள். இந்த முறை கடைசிப் பக்கம்வரை படித்துச் சொல்கிறேன்.