முள்ளியானுக்குப் போகும் மணல் தடம்

அன்புள்ள நண்பருக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைக்கிள்காரருக்கு ஏற்றம் என்றால் அது காற்றுத்தான். மலை என்று பெயர் வைத்த கீரிமலையிலேயே மலை கிடையாது. முழுக்கச் சுண்ணக்கல் தட்டு, அதன்மேல் செம்மண்ணோ மணலோ ஒரு படை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு வடகிழக்காகப் போகிறவரை வல்லை வெளியில் அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திரும்பி வரும்போது அதே கை நெஞ்சில் இருக்கும். மார்கழி, தையில் வாடை எழுந்தால் கணக்கு மாறிவிடும். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிறவர்கள் கொண்டாடுகிற அந்தக் காற்றை, அதே நேரம் வல்லை வெளியில் வடக்கே மிதிக்கிறவர் வேறு சொற்களால் வாழ்த்துவார்.

கிறவல் என்கிற சரளைத் தடங்களில் சைக்கிள் ஓட்டுவது இப்போது உலகம் முழுவதும் ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய நெடுந்தூரப் போட்டி அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. சர்வதேச சைக்கிள் சங்கம் 2022-இல் இத்தாலியில் முதல் உலகப் போட்டியையும் நடத்திவிட்டது. தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாய்க் கரையில் மிதித்துப் பழகிய உங்களுக்கு இதெல்லாம் செய்தியல்ல. கரையும் தண்ணீரும் நிழலும் அங்கே ஒன்றாகவே வரும். குடாநாட்டில் அப்படி வராது. இங்கே ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. ஆறு என்று சொல்ல இருக்கிற வழுக்கையாறு மழைக்கு ஓடி, அராலிப் பக்கம் கடலில் விழுந்து, கோடையில் காய்ந்து கிடக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. அதைத்தான் கிணறுகள் இறைக்கின்றன. கூட இறைத்தால் உப்பு மேலே வரும்.

அதனால் குடாநாட்டில் கார், பஸ் தொல்லை இல்லாமல் நெடுந்தூரம் மிதிக்க நினைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, தண்ணீரைப் பிடித்து வைக்க இந்த ஊர் பட்ட பாட்டின் ஓரமாகவே போகிறார். குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியில், பரவைக்கடல் என்கிற களப்பை அடுத்துப் போகிற பாதை அப்படிப்பட்டது. தொண்டைமானாற்றில் தொடங்கித் தென்கிழக்காக வல்லிபுரம், மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி வழியாக முள்ளியான் வரை.

தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பரவைக்கடல் கடலோடு சேர்கிறது. கரணவாய் உப்பைக் கப்பலேற்ற வசதியாகச் சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் இந்த வாயை வெட்டி அகலமாக்கினான் என்பது ஊர்க்கதை. இன்று கண்ணில் படுவது 1950-களின் முற்பகுதியில் கட்டிய தடுப்பணை. மழைக்காலத்தில் வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதும், மழை நின்றதும் கதவை மூடி உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதும் அதன் வேலை. இப்படி ஆண்டுக்கு ஆண்டு கழுவினால் பரவைக்கடல் மெல்ல நன்னீராகும், கரையோர வயல்களின் உவர் குறையும், கிணறுகள் ஊறும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950-களில் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தின் வடக்குக் கதவு இதுதான். அதன் மற்ற முனை எங்கே நின்றது என்பதைப் பாதையின் கடைசியில் பார்க்கலாம்.

அணையை விட்டுத் தெற்கே திரும்பினால் தார் றோட்டின் ஓசை குறையும். வயலுக்கும் இறால் பிடிக்கிற இடங்களுக்கும் போகிற மண் தடங்கள் இவை. சைக்கிள் விளையாட்டுக்கென்று யாரும் போட்டவை அல்ல. எதிரே வருவது பெரும்பாலும் வலையும் பறியும் கட்டிய சைக்கிள், அல்லது ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். கோடையில் பரவைக்கடலின் ஓரம் வற்றி, உப்புப் பூத்து, வெள்ளைத் தரையாகக் கிடக்கும். பார்க்கச் சிமெந்துத் தளம் போலவே இருக்கும். ஏறினால் அச்சு வரை சேறு. தடத்தை விடாமல் போவதே புத்தி.

வல்லிபுரத்தில் நிற்காமல் போக முடியாது. ஆழ்வார் கோயிலின் கோபுரம் மணல் வெளியில் தூரத்திலேயே தெரியும். 1936-இல் இந்தப் பகுதியில் கிடைத்த பொன்னேடு, பிராமி எழுத்தில், வசபன் என்ற அரசனின் காலத்தைச் சொல்லுகிறது. அதை எப்படி வாசிப்பது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சைக்கிள்காரருக்கு உடனடியாக வேண்டியது வேறு: நிழல், தண்ணீர், பருத்தித்துறை வடை. தட்டையாய், மொறுமொறுவென்று, நாள்கணக்கில் கெடாமல் இருக்கிற அந்த வடையைவிடச் சைக்கிள் பைக்குப் பொருத்தமான தீன் இந்த மாகாணத்தில் இல்லை. கடைகளில் விற்கிற சக்திக் கட்டிகள் எல்லாம் அதன் பின்னால்தான்.

வல்லிபுரம் தாண்டினால் மணற்காடு. பெயருக்குக் குறைவில்லாத மணல். குன்று குன்றாகக் குவிந்து காற்றுக்கு நகர்கிற மணல். அதைப் பிடித்து நிறுத்துவதற்கு அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அவற்றுக்குப் பின்னால் நட்டு வளர்த்த சவுக்கு. பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரை முழுவதையும் அடித்துப் போனது. சவுக்கு மரங்களுக்கு இடையே மணலின்மேல் ஊசியிலை மெத்தையாக விழுந்து கிடப்பதால், வெளியே புதைகிற ரயர் இங்கே ஓரளவு ஓடும். ஓரளவுதான். மெல்லிய ரயர் உள்ள சைக்கிள்களுக்கு இது தள்ளிக்கொண்டு நடக்கிற இடம். அகலமான ரயர் என்றாலும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். நெருஞ்சி இருக்கிற ஊர் என்பதால் ஒட்டுப் போடுகிற சாமான் இல்லாமல் புறப்படுவது மடமை.

சைக்கிளை இந்த மண் பொழுதுபோக்காகப் பார்த்ததில்லை. 1990-இல், போருக்கு நடுவே, அரசின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது, குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது. நோயாளி, விறகு, மூட்டை, மணப்பெண் எல்லாரும் எல்லாமும் கரியரில் போனார்கள். மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னில் பி.பி.சி. தமிழோசை கேட்ட வீடுகள் எத்தனையோ. குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கிற ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த ஆண்டுகளில் கிளாலிப் பரவைக்கடலை இரவில் படகில் கடந்தவர்களோடு சைக்கிளும் கடந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, குடாநாட்டின் மேற்கே உள்ள வலிகாமமே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, உட்கார இடமில்லாத அளவுக்குச் சாமான் ஏற்றிய சைக்கிள்களை ஆட்கள் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தில் ஊர்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த கிறவல் சைக்கிளைப் பார்த்து, இதில் கரியர் ஏன் இல்லை என்று ஒரு பெரியவர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

நாகர்கோவிலுக்குள் நுழையும்போது வேகம் தானாகக் குறையும். 1995 செப்ரெம்பர் 22 அன்று இங்குள்ள பள்ளிக்கூடத்தின்மேல் அரசின் விமானங்கள் குண்டு போட்டதில் மாணவர்கள் பலர் இறந்தார்கள். அதன் பிறகு, 2000 தொடக்கம் போரின் கடைசிக் கட்டம் வரை, கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்துக்குக் குறுக்கே இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான முன்னரங்கு கிடந்தது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் முழந்தாளிட்டு மண்ணைத் துளாவிய நிலம் இது. ஆகவே ஒரு விதி, விலக்கில்லாமல்: சைக்கிள் சுவடு பழகிய தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கிற இடத்தில் மட்டுமல்ல, இல்லாத இடத்திலும்தான். வேறு நாட்டுக் கிறவல்காரர்கள் பெருமையாகச் சொல்லுகிற ‘வழி இல்லாத வழி’ இங்கே வேண்டாம்.

அப்புறம் மாமுனை, செம்பியன்பற்று, தலையடி. இடது பக்கம் கடல், கரைவலை வாடிகள். வலது பக்கம் பனங்கூடலுக்கு அப்பால் பரவைக்கடல். இரண்டு தண்ணீருக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் மிதிக்கிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுவந்தால்தான் உண்டு. தலையடியில் அந்த முரண் கொங்கிறீற்றாக நிற்கிறது: 2024 ஓகஸ்ட் மாதம் திறந்த கடல்நீர் நன்னீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தர அமைத்தது. முதலில் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரத்தான் எண்ணினார்கள். வயலுக்கே போதாத குளத்தில் பங்கா என்று கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். கடல்நீர் என்றதும், உப்புக் கழிவு மீனைக் கெடுக்கும் என்று இந்தக் கரையின் மீனவர்கள் எதிர்த்தார்கள். இருவர் பயமும் வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது.

மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை கடந்து வெற்றிலைக்கேணி. 1991 ஜூலையில் முற்றுகைக்குள் இருந்த ஆனையிறவு முகாமைக் காக்க இராணுவம் கடல் வழியாக இறங்கிய கரை இது. அதற்கு அடுத்தாற்போல் முள்ளியான்.

ஆறுமுகத்தின் திட்டத்துக்கு உயிர்நாடி இங்கே வெட்ட நினைத்த வாய்க்கால். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவருகிற மழைவெள்ளம் ஆனையிறவுப் பரவைக்கடலில் விழுகிறது. அதன் மேற்கையும், சுண்டிக்குளப் பக்கம் கிழக்கையும் அடைத்தால் அது நன்னீர்த் தேக்கமாகும். அங்கிருந்து முள்ளியான் வழியாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால், அந்தத் தண்ணீர் வடமராட்சிப் பரவைக்கடலுக்கு வரும். அங்கிருந்து அரியாலைப் பக்கம் உள்ள உப்பாற்றுப் பரவைக்கடலுக்கும் போகும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணை கட்டியாயிற்று. நடுவில் உள்ள வாய்க்கால் மட்டும் முடியவில்லை. பணம் தீர்ந்தது, ஆட்சி மாறியது, போர் வந்தது. இப்போது திரும்பவும் பேச்சு எழும்போதெல்லாம், பரவைக்கடல் நன்னீரானால் இறால் என்னாகும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இறாலை நம்பி இருக்கிற குடும்பங்களுக்குப் பதில் சொல்லாமல் மண்வெட்டி எடுப்பது நியாயமில்லை. உவர்க் கிணற்றோடு இருக்கிறவர்களை இன்னும் எழுபது ஆண்டு காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. உங்கள் கால்வாய்க் கரைகளில் மிதிக்கும்போது இப்படி ஒரு கேள்வி குறுக்கே வராது, தண்ணீர் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால்.

முள்ளியானுக்கு அப்பால் கட்டைக்காடும் சுண்டிக்குளமும். 1938-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்த இடம். மழை ஓய்ந்த மாதங்களில் பூநாரையும் கூழைக்கடாவும் வரும். உள்ளே போக முன் வனஜீவராசிகள் திணைக்களத்தாரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் வருவதாக இருந்தால் மாசி கடைசியோ பங்குனியோ நல்லது: வாடை தணிந்திருக்கும், சோளகம் தொடங்கியிராது, மழைச் சேறும் காய்ந்திருக்கும். திரும்பும்போது தலையடியிலிருந்து சோரன்பற்று வழியாகப் பளைப் பக்கம் ஏறினால் கண்டி வீதி. அங்கே யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. சைக்கிளை ஏற்றுவார்களா என்பது நடத்துநரின் மனநிலையைப் பொறுத்தது.

அன்புடன்.